ஜூன் முப்பதுக்குள் சொல்ல வேண்டிய பதில்

திருச்சுழி,
18.6.1995, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகனுக்கு,

நாங்கள் இங்கே சுகம் என்று தொடங்குவதுதான் முறை. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி. எனக்குப் பதினைந்து நாள்களாகச் சரியான உறக்கம் இல்லை. ஆகவே அந்த வரியை விட்டுவிடுகிறேன். அருப்புக்கோட்டையில் நீ தங்கியிருக்கும் அறைக்கும் இந்த வீட்டுக்கும் இடையே பேருந்தில் முக்கால் மணி நேரத் தொலைவுதான் இருக்கிறது. அவ்வளவு அருகில் இருப்பவனுக்கு அஞ்சல் தலை ஒட்டிக் கடிதம் அனுப்புவதை நீ விநோதமாக நினைக்கக்கூடும். நேரில் பேசுவதற்கு எனக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது. அன்று நான் பேசிய லட்சணம் உனக்கும் நினைவிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

அது இம்மாதம் மூன்றாம் தேதி, சனிக்கிழமை. ஐந்தரை மணிப் பேருந்தில் வந்தாய். கைகால் கழுவிவிட்டு வந்து மேசையின் மேல் இரண்டு தாள்களை வைத்தாய். ஒன்று, சென்னையில் உள்ள கல்லூரி எம்.பி.ஏ. படிப்பில் உனக்கு இடம் தந்திருப்பதாக எழுதிய கடிதம். நீ தேர்வு எழுதியதே அன்றுதான் எனக்குத் தெரியும். மற்றொன்று, பரளச்சியில் என் பெயரில் இருக்கும் மூன்று ஏக்கர் கரிசலை வங்கியில் ஈடு வைப்பதற்கான சம்மதப் பத்திரம். நீ வேலை பார்க்கும் நூல் மில்லில் இரண்டு வருட விடுப்பெல்லாம் தரமாட்டார்கள், வேலையை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றாய். கட்டணமும் விடுதிச் செலவும் சேர்ந்தால் நிலத்தின் மதிப்பை ஏறக்குறைய முழுவதுமாக விழுங்கிவிடும் என்றாய். ஜூன் முப்பதாம் தேதிக்குள் பணம் கட்டாவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும் என்றாய். எதையும் மறைக்காமல், எதையும் கூட்டாமல், நிதானமாகச் சொன்னாய். சொல்லி முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்துக் கேட்டாய்: "இது இம்புட்டுச் செலவுக்குத் தகுமாப்பா? நீங்க சொல்லுங்க. போகவா, வேண்டாமா?"

நான் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பத்திரத்தை மேலிருந்து கீழ்வரை படித்தேன். உன் பகுதியில் நீ கையெழுத்திட்டிருந்தாய். அதன் கீழே தேதியைத் தவறாக எழுதியிருந்தாய். "இன்னைக்குத் தேதி மூணு. நாலுன்னு போட்டிருக்க" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. நீ பேனாவை வாங்கித் திருத்தினாய். சாப்பிட்டாய். பத்திரத்தை மேசையிலேயே விட்டுவிட்டு, "வாரேம்ப்பா" என்று கிளம்பிப் போய்விட்டாய். நீ தெருமுனையைத் தாண்டியதும் உன் அம்மா அடுப்படியிலிருந்தபடியே, "புள்ள கேட்டது ஒண்ணு, நீங்க சொன்னது ஒண்ணு" என்றாள்.

பதில் தெரிந்தும் சொல்லாமல் இருந்தேன் என்று நீ எண்ணியிருந்தால், அந்த எண்ணத்தை விட்டுவிடு. எனக்குத் தெரியவில்லை. உன் கேள்விக்கு மட்டுமன்று. அந்த வகைக் கேள்வி எதற்குமே என்னிடம் பதில் இல்லாமல் போய்விட்டது. அது எப்படிப் போனது என்பதைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

1992 ஏப்ரல் 30-ஆம் தேதி ஓய்வு பெறும்வரை, எழுத்தர் வேலையோடு அரசு அலுவலக வளாகத்தில் இருந்த மழைமானியை அளந்து பதிவு செய்யும் பொறுப்பும் என்னுடையதாக இருந்தது. காலை எட்டரை மணிக்கு மானியின் புனலைக் கழற்றி, உள்ளே இருக்கும் நீரை அளவுக் குவளையில் ஊற்றி, கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்து எழுத வேண்டும். நேற்று மாலை பெய்த மழையை இன்றைய தேதியில்தான் எழுத வேண்டும், அதுதான் விதி. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அதைப் பிழை என்பார்கள். அளந்த நாளைத்தான் எழுதலாம், பெய்த நேரம் நமக்கு எப்படித் தெரியும் என்று நான் விளக்கம் சொல்வேன். நம் பகுதியில் அது பெரும்பாலும் சைபர் எழுதுகிற வேலைதான். இருந்தாலும் ஒரு நாளும் நான் தவறவிட்டதில்லை. உன் அக்காள் எஸ்தர் பிறந்த அன்றுகூட எட்டரை மணிக்கு மானியருகில் நின்றுவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதை அவளிடமே பெருமையாகவும் சொல்லியிருக்கிறேன்.

பரளச்சி நிலத்தை உழுது பயிரிடுகிறவர் உன் தாய்மாமன் என்பது உனக்குத் தெரியும். அந்த நிலம் என் அப்பா, உன் தாத்தா, பிறர் புஞ்சையில் கூலிக்குப் போய்ச் சேர்த்து வாங்கியது. உன் மாமாவுக்குச் சொந்தமாக ஒரு சென்ட்டும் கிடையாது. 1986 செப்டம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது அவர் என்னைப் பிடித்துக்கொண்டார். புழுதியில் விதைப்பதா, மழைக்குப் பொறுத்து ஈரத்தில் விதைப்பதா என்பது அவருடைய கேள்வி. முன்னாலேயே விதைத்தால் மழை தாமதிக்கும்போது எறும்பும் குருவியும் விதையைத் தின்றுவிடும். பொறுத்திருந்தால், நல்ல மழை விழுந்த பிறகு கரிசல் சேறாகி, பத்து நாளைக்கு ஏர் இறங்காது. பருவம் கைவிட்டுப் போகும். "மச்சான், ஒங்க நோட்டுல என்ன போட்டிருக்கு? வெதையப் போடவா, பொறுக்கவா?" என்று கேட்டார்.

மற்றவர்கள் அப்படிக் கேட்டபோதெல்லாம், பெய்ததை எழுதத்தான் எனக்குச் சம்பளம், பெய்யப் போவதைச் சொல்ல இல்லை என்று ஒதுங்கிக்கொண்டவன் நான். மைத்துனர் கேட்டதும் எனக்கு ஒரு மிடுக்கு வந்துவிட்டது. மறுநாள் அலுவலகத்தில் பழைய பதிவேடுகளை எல்லாம் எடுத்து, ஆண்டு ஆண்டாகப் புரட்டினேன். எந்த வருடத்தில் எந்த வாரத்தில் முதல் நல்ல மழை விழுந்தது என்று தனித்தாளில் குறித்துக்கொண்டேன். பிறகு பரளச்சிக்கே போய், இருபதாம் தேதிக்குள் விதையுங்கள், மாத முடிவுக்குள் மழை உண்டு என்று சொன்னேன். அவர் பதினெட்டாம் தேதி விதைத்தார். இருபத்தேழாம் தேதி மழை வந்தது. மானியில் ஒரு விரற்கடை தேறுகிற அளவுக்கு வந்தது. விதை முளைப்பதற்கு அது போதும்; முளைத்தது பிழைப்பதற்குப் போதாது. அதன் பிறகு மூன்று வாரம் வானம் வெளுத்துக் கிடந்தது. முளை அத்தனையும் கருகிப்போயிற்று. விதைக்காமல் விட்டிருந்தால் விதையாவது வீட்டில் இருந்திருக்கும். பக்கத்துப் புஞ்சைக்காரர்கள் பொறுத்திருந்து விதைத்து, அவ்வருடம் ஏதோ கொஞ்சம் எடுத்தார்கள்.

உன் மாமா என்னிடம் கோபப்படவில்லை. "வானத்துக்கு ஒங்க நோட்டப் படிக்கத் தெரியல மச்சான்" என்று சிரித்தார். சிரித்துவிட்டு, அருப்புக்கோட்டையில் ஒரு லாரி செட்டில் லோடு ஏற்றப் போனார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தொன்று. நான் அலுவலகத்துக்குத் திரும்பி, அந்தத் தனித்தாளைக் கிழித்துப் போட்டேன். இனி யாருக்கும், எதற்கும், போ என்றோ நில் என்றோ சொல்வதில்லை என்று முடிவெடுத்துக்கொண்டேன். அதை அடக்கம் என்று நினைத்தேன்.

அடுத்த வருடம் அவர் என்னைக் கேட்காமலே மறுபடி புழுதியில் விதைத்தார். அவ்வருடம் மழை உரிய காலத்தில் பெய்தது. முந்திய வருடம் பொறுத்திருந்து பலன் கண்டவர்கள் எல்லாம் சேற்றில் கால் வைக்க முடியாமல் வரப்பில் நின்றார்கள். எந்தத் துணிச்சலில் விதைத்தீர்கள் என்று நான் கேட்டபோது, "வெதைக்காமப் போட்டிருந்தா, பேஞ்ச மழையில எனக்கு என்ன பங்கு மச்சான்?" என்றார். அழகான பதில்தான். ஆனால் முந்திய வருடம் கருகிய முளையிலும் அவருக்குத்தான் முழுப் பங்கு இருந்தது. அது துணிச்சலா, வேறு வழியில்லாமையா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. எனவே அந்தப் பதிலை உனக்கு அறிவுரையாக அனுப்ப என் மனம் துணியவில்லை.

இனி எஸ்தர். 1988 ஜூலை 5, செவ்வாய்க்கிழமை. மதுரையில் ஆசிரியப் பயிற்சிக்கு இடம் கிடைத்த கடிதத்தை உன் அக்காள் இதே மேசையின் மேல் வைத்தாள். அவள் உன்னைப் போல் கேள்வி கேட்கவில்லை. கடிதத்தை என் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு நின்றாள். நான் படித்தேன். என் முடிவுப்படி ஒன்றும் சொல்லவில்லை. அவளாகத் தீர்மானிக்கட்டும், நான் குறுக்கே நிற்கலாகாது என்றுதான் நினைத்தேன், ஆண்டவர் சாட்சி. மூன்று நாள் அந்தக் கடிதம் மேசையில் கிடந்தது. நான்காம் நாள் காணவில்லை. அவளே எடுத்து வைத்துக்கொண்டாள் போலும், போவாள் என்று இருந்தேன். அவள் போகவில்லை. இன்று நரிக்குடியில் பால்வாடியில் முப்பது பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறாள். போன கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தபோது, அன்று ஏன் போகவில்லை என்று முதன்முறையாகக் கேட்டேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தாமலே, "நீங்க ஒண்ணும் சொல்லலையேப்பா. அதான் வேண்டாங்கிறீகன்னு நெனச்சேன்" என்றாள். ஆறு வருடத்துக்கு மேல் அவள் அதை என்னுடைய பதிலாகவே வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் பதில் சொல்லவில்லை என்பது எனக்கு மட்டுந்தான் தெரிந்திருந்தது.

ஆக, சொல்லி ஒருவரைக் கெடுத்தேன். சொல்லாமல் ஒருத்தியைக் கெடுத்தேன். மூன்றாவதாக ஒரு வழி இருந்தால் அதை யாரும் எனக்குக் கற்றுத் தரவில்லை. மூன்றாம் தேதி நீ கேட்டபோது என் வாயிலிருந்து தேதியைத் தவிர வேறொன்றும் வராததற்குக் காரணம் இதுதான்.

ஆனாலும் நான் சும்மா இருக்கவில்லை. இம்மாதம் ஏழாம் தேதி, புதன்கிழமை, உன்னிடம் சொல்லாமல் உன் மில்லுக்கு வந்தேன். அது பிழைதான், மன்னித்துக்கொள். எம்.பி.ஏ. படித்த ஒருவரை நேரில் பார்த்து விசாரிக்க விரும்பினேன். புதிதாக வந்திருக்கும் உதவி மேலாளர் அப்படிப் படித்தவர் என்று நீயே முன்பு சொல்லியிருக்கிறாய். அலுவலக வாசலில் பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். கதவு பாதி திறந்திருந்தது. அந்த உதவி மேலாளர் பையனுக்கு உன் வயதுகூட இராது. அவன் நாற்காலியில் இருந்தான். நீ பதிவேட்டைக் கையில் பிடித்துக்கொண்டு மேசையோரம் நின்றாய். எந்தப் பொறியில் நூல் அறுகிறது, ஏன் அறுகிறது என்று நீ சொல்லச் சொல்ல அவன் எழுதிக்கொண்டான். இடையில் அவன் ஏதோ சொன்னதற்கு நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பு நம் வீட்டில் நான் பார்த்த சிரிப்பு அன்று. பின்பக்கக் கதவு வழியாக நீ பொறிகளிருக்கும் பக்கம் போன பிறகு நான் உள்ளே போனேன். நான் யார் என்று தெரிந்ததும் அவன் எழுந்து நின்று, எனக்கு டீ வரவழைத்தான். நல்ல பிள்ளை, குறை சொல்ல மாட்டேன். அந்தப் படிப்பு செலவுக்குத் தகுமா என்று கேட்டேன். "படிச்சதுல பாதி மறந்துபோச்சு சார். ஆனா இங்க வந்த அன்னைக்கே எனக்கு நாற்காலி போட்டாங்க. உங்க மகனுக்கு என்னை விட நிறையத் தெரியும். ஆறு வருஷமா நிக்கிறாரு" என்றான். அந்த டீயை என்னால் முழுவதும் குடிக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் கையெழுத்திட்டுவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். அன்றைக்கு நிச்சயமாகப் போடத்தான் இருந்தேன். உன் அம்மா தூங்கி எழட்டும், அவளிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போடலாம் என்று மூடி வைத்தேன்.

பன்னிரண்டாம் தேதி, திங்கட்கிழமை, அருப்புக்கோட்டையில் மருந்து வாங்கிக்கொண்டு நரிக்குடிப் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கையில் கழுத்தில் டை கட்டிய ஒருவர் உட்கார்ந்திருந்தார். என்னோடு வேலை பார்த்த ஒருவருடைய மகன். எஸ்தரின் கல்யாணத்தில் பந்தி விசாரித்த பிள்ளை. இப்போது அவனுக்கு முப்பது இருக்கும். எம்.பி.ஏ. முடித்து மூன்று வருடமாகிறது. மதுரையில் ஒரு நிதி நிறுவனத்துக்காக வீடு வீடாகப் போய் வைப்புத்தொகை பிடிக்கிறான். அருப்புக்கோட்டை எல்லையைத் தாண்டியதும் டையைக் கழற்றிச் சுருட்டிப் பைக்குள் வைத்தான். வெக்கைக்காகவா என்றேன். "இல்ல மாமா. ஊருல இதப் பாத்தா என்ன உத்தியோகம்னு கேப்பாக. எனக்கே சொல்லத் தெரியல" என்றான். படிப்புக்காக அவர்களுடைய வயலை விற்றது எனக்குத் தெரியும். அதைப் பற்றிக் கேட்கலாகாது என்றிருந்தேன். அவனாகவே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னான்: "எங்கய்யா இன்னும் அத நம்ம வயலுன்னுதான் சொல்றாரு மாமா. திருத்துறதுக்கு யாருக்கும் வாய் வரல." திருச்சுழியில் நான் இறங்கும்போது என் பையை எடுத்துக் கொடுத்தான். அவனும் நல்ல பிள்ளைதான். உன்னைவிடக் குறைந்தவன் என்று சொல்வதற்கு எனக்கு ஒரு காரணமும் தென்படவில்லை.

ஏழாம் தேதியிலிருந்து பன்னிரண்டாம் தேதிக்கு ஐந்து நாள். அந்த ஐந்து நாளில் உன்னுடைய படிப்பு மாறவில்லை, கட்டணம் மாறவில்லை, நிலம் மாறவில்லை. யாரைப் பார்த்துவிட்டு வந்தேன் என்பது மட்டுமே மாறியது. அதற்கே என் மனம் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போய்விட்டது என்றால், என் தீர்ப்புக்கு என்ன மதிப்பு இருக்க முடியும்? ஒரு தாளை நடுவில் கோடிட்டு, போவதால் வருவது, போவதால் இழப்பது என்று எழுதிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் முதல் வரியில் ஒரே விஷயத்தைத்தான் எழுதியிருந்தேன்: மகன் இந்த மில்லில் இருக்கமாட்டான்.

பதினாறாம் தேதி பரளச்சிக்குப் போய் உன் மாமாவிடம் சொன்னேன். கடன் திரும்பாவிட்டால் நிலம் போய்விடும், போனால் முதலில் வெளியேற வேண்டியவர் அவர்தான் என்பதை அவருக்குத் தெரிவிக்காமல் கையெழுத்திடுவது நியாயமாகத் தோன்றவில்லை. அவருக்கு இப்போது ஐம்பது வயது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பேங்குக்காரன் வந்து உழுகவா போறான்? போடுங்க மச்சான்" என்றார். வேண்டுமென்றே இலேசாகச் சொன்னார். நான் பேருந்தில் ஏறிய பிறகு பார்த்தேன்; பேருந்து கிளம்பியும் அவர் நிறுத்தத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அவர் அப்படி நிற்கிற ஆள் அல்லர்.

இன்றைக்குப் பன்னிரண்டு நாள் மீதி இருக்கிறது. என் வயதுக்கும், நான் எழுதித் தள்ளிய பதிவேடுகளுக்கும் ஏற்ற ஒரு தெளிவான வாக்கியம் இந்தக் கடிதத்தின் முடிவில் இருக்க வேண்டும் என்று நீ எதிர்பார்த்திருப்பாய். நானும் எதிர்பார்த்தேன். நான் அறிந்ததெல்லாம் விழுந்து முடிந்த நீரை அளப்பது. உன் படிப்பு தகுமா, தகாதா என்பது உனக்கே சில வருடம் கழித்துத்தான் தெரியும். அதை அளந்து பார்க்க அன்றைக்கு நான் இருப்பேனா என்பதும் தெரியாது. உனக்குப் பிந்தி வந்தவன் உட்கார்ந்திருக்க நீ நின்றதை என் கண்ணால் பார்த்துவிட்டேன். போகாதே என்று சொல்ல இனி என்னால் ஆகாது. சுருட்டி வைத்த அந்த டையையும் பார்த்துவிட்டேன். போ என்று சொல்லவும் ஆகவில்லை. ஆனால் ஒன்று. நான் ஒன்றும் சொல்லாததை என் பதிலாக நீ எடுத்துக்கொள்ளக் கூடாது. எஸ்தருக்கு நேர்ந்தது உனக்கு நேரக் கூடாது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. இதை இங்கே எழுத்தில் வைக்கிறேன், பத்திரப்படுத்திக்கொள்.

இன்று காலை ஆராதனைக்குப் புறப்படும் முன் அந்தப் பத்திரத்தை எடுத்து என் பகுதியில் கையெழுத்திட்டேன். இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்துக்குக் கீழே ஓர் இடம் வெறுமையாக இருப்பதை உன் அம்மா கவனித்துவிட்டாள். "தேதி போடாமயா குடுக்கீக? நீங்களா?" என்றாள். மூக்குக்கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தாள். பிறகு உறையை எடுத்து வந்து கொடுத்தாள். இதுவும் ஒருவகையில் ஒதுங்கிக்கொள்வதுதான் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. இதைவிட அதிகமாகச் செய்ய எனக்கு வலு இருந்திருந்தால் செய்திருப்பேன்.

போவதாக இருந்தால் அந்த இடத்தில் நீயே ஒரு தேதியை எழுதிக்கொள். போவதில்லை என்றால் பத்திரத்தைக் கிழித்துவிட்டு வழக்கம்போல் சனிக்கிழமை ஐந்தரை வண்டிக்கு வா. நான் காரணம் கேட்கமாட்டேன். நீ எந்தத் தேதியை எழுதினாலும், அது தவறாகவே இருந்தாலும், இம்முறை நான் திருத்தமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா.